பேட்டரி தீர்ந்த நாள்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகளுக்கு நான்கு வயது, காது சரியாகக் கேட்காததால் இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். ஸ்பீச் தெரபி பாலக்காட்டில், மலையாளத்தில். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், குழந்தை குழம்பிப்போகும் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். அவளுடைய அமுச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, மலையாளம் வராது. கணவருக்குத் திருப்பூரில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். துணைக்கு யாரைத் தேடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மொழி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அமுச்சியின் வாயைக் கட்டாதீர்கள். இரண்டு மொழி காதில் விழுவதால் இப்படிப்பட்ட குழந்தைக்குப் பேச்சு கெடுவதில்லை. சரளமாக வராத மொழிக்கு வீடு மாறினால் பேச்சே குறைந்துபோகும், அதுதான் கெடுதல். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளத்தில் 'வெள்ளம்' குடித்துவிட்டு வீட்டில் தண்ணீர் கேட்பவர்கள்தானே!

சரி, துணை யார் என்ற கேள்விக்கு வருகிறேன். என் அக்கா மகனும் மெஷின் போட்டவன். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் காலையிலேயே பேட்டரி தீர்ந்துவிட்டது. சாயங்காலம் வரை ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று மறுநாள் அடி. எங்களுக்கு நல்ல டாக்டர் இருந்தார், கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தரும் நல்ல ஆடியாலஜிஸ்ட் இருந்தார். அந்த வகுப்பறையில் பேட்டரி மாற்றத் தெரிந்த ஓர் ஆள் இல்லை.

அதற்கப்புறம் அக்கா ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுத்தாள். "கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு பொதுவாகச் சொன்னால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பாள்.

அமுச்சிக்கு ஒரு வேலை சொல்கிறேன். காலையில் மெஷின் போட்டதும் குழந்தைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். கேட்கும்போதெல்லாம் குழந்தை கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடவேண்டும். பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உச்சம் வரை இந்த ஆறு ஒலிக்குள் வந்துவிடும். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையா, மெஷினிலோ காதிலோ ஏதோ கோளாறு.

டீச்சருக்கு ஒரு சின்னச் சீட்டு போதும். முன் வரிசையில் இடம், போர்டைப் பார்த்தபடி பேசக்கூடாது, மேசையில் இரண்டு பேட்டரி. (ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகே போடவேண்டும், பலருக்கு இது தெரியாது.) உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள் என்று நினைத்துவிடவும் கூடாது. 'பாடு', 'மாடு' இரண்டும் உதட்டில் ஒன்றுதான்.

கூட விளையாடும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், தூரத்திலிருந்து கத்தாமல் எதிரே வந்து பேசவேண்டும் என்று. உங்கள் ஊரில் கணவாய்க் காற்று சும்மா விடாது. மெஷினில் உள்ள மைக்கில் காற்று மோதினால் பேச்சு அமுங்கிவிடும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மற்ற காகித வேலை எல்லாம் கணவர் பொறுப்பு. திருப்பூரிலிருந்தே ஆன்லைனில் பாதி முடித்துவிடலாம்.

இன்னும் ஒருவர் வேண்டும். காது கேளாமல் வளர்ந்த பெரியவர் ஒருவரை உங்கள் மகள் நேரில் பார்க்கவேண்டும், நீங்களும்தான். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள 'நிஷ்' நிறுவனத்தில் காது கேளாத மாணவர்கள் பட்டப்படிப்பே படிக்கிறார்கள். சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்பவேண்டாம்.

அக்கா மகன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். கல்யாண வீட்டில் செண்டை ஆரம்பித்ததும் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கட்டுமா?