நோட்டீஸ் யாரு பேருக்கு வந்துருக்கு, தம்பி?

கேள்வி: பாளையங்கோட்டைல 24 வீடு உள்ள அப்பார்ட்மென்ட்ல மூணாவது மாடில எங்களுக்கு ஒரு பிளாட். நான் பெங்களூர்ல வேலை பாக்கேன். ஜெனரல் பாடி கூட்டாமலே சங்கத்துல ஜெனரேட்டர் வாங்கிட்டு வீட்டுக்கு 40,000 ரூபா கேக்காங்க. அதனால 14 மாசமா மெயின்டனன்ஸ் 2,200 நான் கட்டல. லிப்ட் பக்கத்துல போர்டுல எங்க வீட்டு நம்பர எழுதி வச்சிட்டாங்க, இப்ப வக்கீல் நோட்டீஸும் வந்துட்டு. பிளாட் அம்மா பேர்ல, அவங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கி சாமி ரூம்ல வச்சிருக்காங்க. சங்கத்து மேல எப்படி கேஸ் போடலாம்?

பதில்: தம்பி, இந்த மாதிரி லெட்டர் எனக்கு மாசம் ரெண்டு வருது, ஒண்ணுல பார்க்கிங்னு இருக்கும், ஒண்ணுல சம்ப் தண்ணின்னு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நாலு பக்கம் எழுதியிருக்கிய, அதுல அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிலதான் கண்ணு நின்னுட்டு.

நோட்டீஸ் அம்மாவுக்கு வந்தது. நாளைக்கு கேஸ் ஆனா பிரதிவாதி அவிய, நீங்க இல்ல. காசு கட்டாதது நீங்க, வாட்ஸ்அப் குரூப்புல செக்ரட்டரிய கிழிச்சது நீங்க, ஆனா தினமும் காலைல பால் வாங்க இறங்கி அந்தப் போர்டு முன்னால லிப்டுக்கு நிக்கிறது அவிய. வக்கீல் நோட்டீஸ கொண்டு போயி யாராவது சாமி ரூம்ல வைப்பாவளா? பயந்து வச்சிருக்காவ தம்பி. அதுல என்ன எழுதியிருக்குன்னு அவியளுக்கு யாரு சொன்னா? போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நீங்க வாசிச்சிருப்பிய, அதோட சரி. பேர்ல மட்டும் அம்மாவ வச்சிக்கிட்டு முடிவெல்லாம் நாமளே எடுக்குறது எந்த ஊரு பிள்ளைத்தனம்?

இன்னொண்ணு கேக்கேன், ஜெனரேட்டர் வேணுமா வேண்டாமான்னு அவியள்ட்ட கேட்டியளா? கரண்ட் போனா மூணு மாடி ஏறுறது அவிய முழங்கால்.

மெயின்டனன்ஸ நிறுத்துனது தப்பு. மீட்டிங் போடாம வாங்குனது ஒரு சண்டை, வாட்ச்மேன் சம்பளம் வேற கணக்கு. 14 மாசம் அம்மா ஏறி இறங்குன லிப்டுக்கு அடுத்த வீட்டுக்காரவ காசு கட்டியிருக்காவ. 30,800 ரூபாய பேங்க் வழியா கட்டிருங்க, "40,000-ஐ ஒத்துக்கல, மீட்டிங் மினிட்ஸும் வரவு செலவும் காட்டுங்க"ன்னு அம்மா கையெழுத்துல ஸ்பீட் போஸ்ட்ல போட்டு, போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி வாங்கி வச்சிக்கிடுங்க, நோட்டீஸ்ல சொன்ன கெடுவுக்குள்ள ஒரு வக்கீல வச்சி பதிலும் போயிரணும். பைலாவ, அதான் சங்கத்து விதிமுறைய எடுத்து, இவ்வளவு பெரிய செலவுக்கு ஜெனரல் பாடி ஒப்புதல் வேணும்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா உங்க கை ஓங்கும், இல்லன்னா வாய் ஓங்கி பிரயோஜனம் இல்ல.

சங்கம் 1975-ம் வருஷ சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிஞ்சதுன்னா மாவட்டப் பதிவாளர்ட்ட விசாரணை கேக்கலாம், 36-வது பிரிவு. அவரா எடுத்தா சரி, மெம்பருங்க கேக்கணும்னா மூணுல ஒரு பங்கு கையெழுத்து வேணும், 24 பேர்னா 8 பேரு. அந்த எட்டுப் பேர்ல உங்களுக்கு யாரத் தெரியும் சொல்லுங்க? அம்மாவுக்குத் தெரியும், யாரு வீட்டுப் பிள்ளை என்ன படிக்கு, யாருக்கு சுகர்னு எல்லாம் தெரியும். அவியள வெளிய தலைகாட்ட முடியாம பண்ணிட்டு கேஸ் போடணும்ங்கிய.

இன்னும் கேஸ் ஆகல, அதனால பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழுல ஒரு மனு கொடுத்தா ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சிப் பேசுவாவ, சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம் இருக்குல்லா, லோக் அதாலத், அதுக்கும் போகும். ஃபீஸ் கிடையாது. 1987-ம் வருஷ சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பொம்பளையாளுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, மனு அம்மா பேர்லதான போகுது. ஆனா அங்க முடிஞ்சா முடிஞ்சதுதான், அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி, அப்பீல் கிடையாது, ஊருக்குப் போயி மனச மாத்த முடியாது. நாலு மாசத் தவணைல 40,000-ம் கட்டிருதேன், போர்ட அழிங்கன்னு அம்மா சொன்னா நீங்க குறுக்க பேசக்கூடாது, அவிய வீடு அது.

சாயங்காலம் பெங்களூர்ல ரயில் ஏறுனா விடியக்காலம் திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கலாம். போயி காபி குடிச்சிட்டு, சாமி ரூம்ல இருக்கத எடுத்து அம்மாட்ட வரி வரியா தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க.