நாரி நோவும் நாலாம் மாடியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 52. நாரி நோ தொடங்கி இரண்டு வருசமாகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆனால் ஒப்பரேசன் தேவையில்லை என்றார்கள். நாங்கள் இருப்பது நாலாம் மாடி, லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. பெல்ட் கட்டுகிறேன். நோ கூடினால் பார்மசியில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடுகிறேன். பிரஷருக்கும் குளிசை எடுக்கிறேன். வீட்டில், "எந்த நேரமும் இதே கதைதான்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். இதோடேயே காலத்தைத் தள்ள வேண்டியதுதானா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில், அந்த டைக்குளோபெனாக்கை நீங்களாக வாங்கிப் போடுவதை விடுங்கள். அது பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் உண்டாக்கும், சில பிரஷர் குளிசைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். கிளினிக் டொக்டரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள். பனடோல்தானே என்று அள்ளிப் போடவும் வேண்டாம், 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. தடிமனுக்குப் போடும் பல குளிசைகளிலும் அதே மருந்துதான் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பயப்படாதீர்கள். நாரி நோவே இல்லாத ஐம்பது வயதுக்காரரை ஸ்கேன் செய்தாலும் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நோவில் நரம்பும் மூளையும் சின்னத் தூண்டலைக்கூடப் பெரிதாகக் காட்டப் பழகிவிடுகின்றன, அதனால் நோகும்போதெல்லாம் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை. "அப்ப எல்லாம் மனப்பிரமையா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், இல்லை, நோ நிஜம்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சரி, நாளாந்தம் என்ன செய்வது? நோ குறைந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சந்தைக்குப் போய் இரண்டு பை நிறையக் காய்கறி, அதைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி, வந்த கையோடு திருவலையில் குந்தி மூன்று தேங்காய், அப்புறம் வீடு முழுக்கக் கூட்டித் துடைப்பது. அடுத்த இரண்டு நாள் படுக்கை. இந்தச் சுழற்சிதான் உங்களை இழுத்து விழுத்துகிறது. நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒரே அளவு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மரைன் டிரைவில் பத்து நிமிடம் நடக்க முடிந்தால் தினமும் பத்து நிமிடம், வாரம் போகப் போக இரண்டு நிமிடம் கூட்டலாம். மாடி ஏறும்போது இரண்டாவதில் நின்று ஏறுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. தேங்காய்க்கு மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றுகிற திருவலை வாங்குங்கள். மகனையும் ஒரு நாள் சுற்றச் சொல்லலாமே!

பெல்ட் தேவையில்லை. உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட நாரி நோவுக்கான வழிகாட்டலில் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது, உடற்பயிற்சியைச் செய்யச் சொல்கிறது. பிசியோவிடம் பயிற்சி கற்றுக்கொண்டு வீட்டில் தொடருங்கள். சுடுதண்ணிப் போத்தல், சித்தாலேப, எண்ணெய் எது இதமாக இருந்தாலும் சரி, ஆனால் பூசிவிட்டுப் படுத்தே கிடக்காதீர்கள்.

கால் பலமிழந்தால், உட்காரும் பகுதியைச் சுற்றி மரத்துப்போனால், சலம் போவதில் கட்டுப்பாடு தவறினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ கூட வந்தாலும் நாள் கடத்தாமல் காட்டுங்கள்.

கேள்வி: நீரிழிவால் அம்மாவுக்குக் கால் எரிவு. இரவில் போட அமிட்ரிப்டிலின் தந்தார்கள். இணையத்தில் பார்த்தால் அது மனச்சோர்வு மருந்தாம்! நிறுத்திவிட்டோம். சரிதானே?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். அது மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துதான், ஆனால் நரம்பு எரிவுக்கு மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அம்மாவுக்கு மனநோய் என்று யாரும் முடிவு கட்டவில்லை. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். வாய் உலரும், தூக்கம் வரும். வயதானவர் இரவில் சலம் போக எழும்பும்போது தள்ளாடி விழக்கூடும், அதனால் கட்டிலருகே ஒரு சின்ன லைட் வையுங்கள். அவருக்கு இருதய வருத்தமோ, சலம் அடைப்போ, கண்ணில் குளுக்கோமாவோ இருந்தால் அதை மருந்து தந்தவரிடம் சொல்லி, திரும்பத் தொடங்கலாமா என்று கேளுங்கள். சீனி அளவையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.