விட்டுவந்தது பிழையோ?

கேள்வி: எனக்கு 34 வயது. பல ஆண்டுகள் அடியும் வசவும் தாங்கிய பின் விவாகரத்துப் பெற்று, இப்போது உப்புவெளியில் தாயாருடன் வசிக்கிறேன். தொலைபேசி இலக்கத்தை மாற்றி, வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் முன்னாள் கணவரைத் தடுத்துச் சில மாதங்களாகின்றன. இருந்தும் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது; இரவிலோ, தங்கையின் தொலைபேசியை வாங்கி அவருடைய படத்தைப் பார்க்கிறேன். அடித்த மறுநாள் கொத்துரொட்டியுடன் வந்து அழுது மன்னிப்புக் கேட்ட முகமே நினைவில் நிற்கிறது. சந்தையில் காணும்போதெல்லாம் அவருடைய அக்கா, "தம்பி திருந்திவிட்டான், ஒருதரம் கதைத்துப் பார்" என்கிறார். விட்டுவந்தது பிழையோ?
— பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, பிழையே அன்று. ஏக்கம் வருகிறது என்பதற்காக எடுத்த முடிவைச் சந்தேகிக்க வேண்டாம். நாட்கணக்காக அச்சத்தில் இறுகிக் கிடந்த உடல், அவர் இளகி வந்த அந்த ஒரு மாலையில்தான் மூச்சுவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே கிடைக்கும் கனிவு, நாளாந்தம் கிடைக்கும் கனிவைவிட மனத்தை இறுக்கிப் பிணைத்துவிடும் என்பது உளவியல் நன்கறிந்த செய்தி. நீங்கள் ஏங்குவது பெரும்பாலும் அந்த ஆறுதலுக்காகவே. ஆறுதல் தேவைப்படும் நிலைக்கு உங்களைத் தள்ளியவரும் அவரே என்பதைக் கொத்துரொட்டிப் பொதி மறைத்துவிடுகிறது.

ஆகையால் ஒரு கொப்பியில், அந்தப் பொதி வந்த நாளையல்ல, அதற்கு முந்திய நாளை எழுதுங்கள்: என்ன சொல்லி ஏசினார், எங்கே அடித்தார், அயலவரிடம் காயத்துக்கு என்ன பொய் சொன்னீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். தங்கையின் தொலைபேசியை நாடும் இரவுகளில் அதை வாசியுங்கள்; கேட்டாலும் தொலைபேசியைத் தர வேண்டாம் என்று தங்கையிடமும் சொல்லிவையுங்கள்.

கை நடுங்குவது கோழைத்தனமன்று. ஆபத்து நீங்கிவிட்டதை உடல் இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான். பாதங்களை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பத்திரகாளி அம்மனிடம் சென்று முறையிட்டு அழுவதையும் நான் தடுக்கமாட்டேன், அதுவும் ஓர் இறக்கிவைப்பே. ஆனால் உறக்கமின்மை தொடர்ந்தால் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையோ அரச மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நாடத் தயங்காதீர்கள்.

அக்காவின் வாய்வழியாக வருவதும் தொடர்புதான். "மச்சாள், அவரைப் பற்றி என்னோடு கதைக்க வேண்டாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்; காரணம் விளக்கத் தொடங்கினால், அதற்கு மறுமொழி சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்தவராவீர்கள். உண்மையாகவே திருந்தியவர் உங்களைத் தொல்லைப்படுத்தாமல் இருப்பதில் அதைக் காட்டட்டும்.

அவர் பின்தொடர்ந்தாலோ மிரட்டினாலோ, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முன்னாள் கணவருக்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். அக்கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கக்கூடியது. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். மிரட்டும் செய்தி எது வந்தாலும், ஆத்திரத்தில் அழித்துவிடாமல், திகதி தெரியும்படி படமெடுத்துத் தங்கையிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.