காய்ச்சல் விட்டும் மாடு வெளுத்தே இருக்கிறது, இரும்பு டானிக் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு, இரண்டாம் ஈத்து. உண்ணியால் வந்த தைலேரியா காய்ச்சல் என்று டாக்டர் ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கண் இமையைப் புரட்டினால் இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது. 12 லிட்டர் கறந்த மாடு 5 லிட்டரில் நிற்கிறது. இரும்பு டானிக் இரண்டு பாட்டில் தீர்ந்துவிட்டது. ரத்தம் ஊற வேறு என்ன கொடுக்கலாம்?

பதில்: வணக்கங்க ஐயா. மூன்றாவது பாட்டிலை வாங்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாட்டின் உடம்பில் இரும்பு இல்லாமல் போயிருக்காது, இருக்கிற இரும்பு பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் என் சந்தேகம். பூட்டியது கிருமிகூட இல்லை, மாட்டின் சொந்த எதிர்ப்பு அணுக்கள்.

தைலேரியா முதலில் புகுவது வெள்ளையணுக்களில், சிவப்பணுவுக்குள் அப்புறம்தான் வருகிறது. கிருமி புகுந்த சிவப்பணுக்களை மண்ணீரலில் இருக்கும் விழுங்கும் அணுக்கள் பிடித்துத் தின்கின்றன, பக்கத்தில் இருக்கும் நல்ல அணுக்களும் சேர்ந்து போகின்றன. இது எல்லாருக்கும் தெரிந்த பாதி. மீதிப் பாதி எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது. நோயோடு மல்லுக்கட்டும்போது மாட்டின் எதிர்ப்பு அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா என்று சில வேதிப் பொருட்களை வெளியே விடும். மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர வேண்டிய இளம் அணுக்களை அவை அமுக்கிவிடும். ரத்தம் ஊறச் சொல்லி சிறுநீரகம் அனுப்பும் எரித்ரோபாய்ட்டின் சமிக்ஞைக்கும் மஜ்ஜை சரியாகக் காது கொடுக்காது. இன்னொரு பக்கம் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரக்கும், அது குடலில் இரும்பு ஏறுவதையும் விழுங்கும் அணுக்களிடம் தேங்கிய இரும்பு வெளியே வருவதையும் சேர்த்தே அடைத்துவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று உடம்பு போடும் கணக்கு அது, நல்ல கணக்குதான், நடுவில் மாட்டுக்கும் கிடைக்காமல் போகிறது. மனிதர்களிலும் எலிகளிலும் நன்றாக ஆராய்ந்து பார்த்த விஷயம் இது, மாட்டிலும் ஏறக்குறைய இதே வழிதான். டானிக் பிடிக்காததன் காரணம் புரிகிறதா?

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே சண்டை ஓய்ந்துவிட்டதா இல்லையா என்பது. காய்ச்சல் விட்டதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, தேறிய மாட்டிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த நோயில் தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டும், அது இன்னும் தடவினால் தட்டுப்படுகிறதா பாருங்கள். கால்நடை மருந்தகத்தில் ரத்தம் எடுத்து, கிருமி தெரிகிறதா என்று ஸ்லைடும், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று சொல்லும் பிசிவியும் பார்க்கச் சொல்லுங்கள். பிசிவி சாதாரணமாக 24க்கு மேல் இருக்க வேண்டும். இளம் சிவப்பணு தெரிகிறதா என்றும் கேளுங்கள்: நல்ல மாட்டின் ரத்தத்தில் அது இருக்காது, மஜ்ஜை முழுமூச்சாக வேலை செய்தால்தான் வரும். ரத்தம் இவ்வளவு குறைந்தும் அது தெரியவில்லை என்றால் மஜ்ஜை இன்னும் அமுங்கிக் கிடக்கிறது. கிருமி தெரிந்தால் தைலேரியாவுக்கான பூபார்வாகுவோன் ஊசியை மறுபடி போடுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். பிசிவி 12க்குக் கீழே போய், நாலடி நடந்தாலே மூச்சு வாங்கினால் நாள் தள்ளாதீர்கள், நோயில்லாத இன்னொரு மாட்டிலிருந்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். முதல் முறை ஏற்றுவதில் பெரும்பாலும் தொந்தரவு வராது.

சாணத்தையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். ரத்தம் குடிக்கும் குடற்புழு இருந்தால் அது வேறு கதை, அங்கே இரும்பு நிஜமாகவே வெளியே போய்க்கொண்டிருக்கும், டானிக்குக்கும் வேலை உண்டு.

யாராவது "ஸ்டீராய்டு போட்டால் மாடு துள்ளும்" என்று சொல்வார்கள், பசி எடுக்கும், இரண்டு நாள் நன்றாகவும் தெரியும். ஒட்டியிருக்கும் கிருமி அந்த நேரத்தில் மறுபடி தலைதூக்கும், டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

தீவனத்தில் புரதம் குறையாமல் பார்த்துக்கொண்டு தாது உப்புக் கலவையைத் தொடர்ந்து கொடுங்கள், தாமிரமும் கோபால்ட்டும் அதிலேயே வந்துவிடும். மஜ்ஜை விடுபட்ட பிறகும் ரத்தம் ஒரு வாரத்தில் ஏறாது, சில வாரம் ஆகும், பால் அதற்கும் பின்னால்தான் ஏறும். உண்ணியை மாட்டின் மேல் மட்டும் தேடாதீர்கள், கட்டுத்தறிச் சுவரின் விரிசலில் ஒளிந்திருக்கும், அங்கேயும் மருந்து அடித்து விரிசலைப் பூசிவிடுங்கள். கலப்பின மாடு என்பதால் இன்னும் கவனம் வேண்டும், சாஹிவால் போன்ற நம் நாட்டு இனங்களை இதே கிருமி இவ்வளவு படுத்துவதில்லை.

பிசிவி எண் வந்ததும் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.