கத்தி பட்டதாலா கழுத்துக்கு இறங்கியது?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறார். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் உண்டு. நாக்கின் ஓரத்தில் ஆறாமல் இருந்த புண்ணில் போன மாதம் சின்னதாக வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது. மூன்று வாரம் கழித்துத் தாடைக்குக் கீழே நெறி (கட்டி) தட்டுப்பட்டது. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்து, அதிலும் புற்று என்கிறார்கள். "சும்மா கெடந்ததக் கிளறி விட்டுட்டாவ, அதான் கழுத்துக்கு எறங்கிட்டு" என்கிறார் சித்தி. இப்போது ஆபரேஷன் என்றதும், கத்தியே வைக்கக் கூடாது என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். கத்தி பட்டால் பரவுமா, டாக்டர்?
— முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு மகள்

பதில்: சகோதரி, சித்தியைக் கோபிக்காதீர்கள். அவர் கண்ணில் பட்ட வரிசை அதுதான்: முதலில் வெட்டினார்கள், பிறகு நெறி தெரிந்தது. ஆனால் கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு புற்று நெறி வளர மூன்று வாரம் போதாது, மாதக்கணக்கில் ஆகும். வெட்டிய அன்றைக்கே அது அங்கே இருந்திருக்கிறது. கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் எப்படிப் போனது? ஊர்ந்து போனது. உவமைக்காகச் சொல்லவில்லை; புற்றுச் செல் நிஜமாகவே ஊரும். மழைக்காலத்தில் மாஞ்சோலைப் பக்கம் போனவர்கள் அட்டையைப் பார்த்திருப்பார்கள். முன்முனையை நீட்டும், ஒட்டும், பின்முனையை விடும், உடம்பை இழுத்துக்கொள்ளும். செல்லும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. மாணவனாக இருந்தபோது, மைக்ராஸ்கோப் வழியே எடுத்த படத்தை ஓட்டிக் காட்டினார்கள். செல்லின் ஒரு பக்கம் ஆப்பத்தின் ஓரம் போல மெல்லிசாக விரிந்து, துழாவித் துழாவி முன்னால் போனது. அன்று ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இந்த வேலையைச் செய்வது செல்லுக்குள் இருக்கும் சட்டகம். கோயில் கொடைக்குப் போடும் பந்தலுக்குக் கால் நடுவது போல, செல்லுக்கு உருவம் கொடுப்பது அதுதான். ஒரே வித்தியாசம், இந்தப் பந்தலை ஓயாமல் பின்னால் பிரித்து முன்னால் கட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடிப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. முன் ஓரத்தில் கிளை விட்டு வளர்ந்து செல்லின் தோலைத் தள்ளுகின்றன. பின்பக்கம் மயோசின் என்ற இன்னொரு புரதம் இழைகளைப் பிடித்துச் சுருக்க, வால் முன்னே வந்து சேர்கிறது. நம் தசை சுருங்குவதும் இதே ஜோடியால்தான். புண் ஆறத் தோல் செல்கள் நகர்வதும், சீழ் பிடித்த இடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடுவதும் இப்படித்தான். புற்று புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் இருந்த சாமானை எடுத்துத் தப்பு வேலைக்குப் பயன்படுத்துகிறது.

வாயின் உள்தோல் செல்கள் சாதாரணமாகப் பக்கத்துச் செல்லோடு கைகோத்து நிற்கும். புற்றில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். சில தனியாகவும், வாய்ப் புற்றில் பெரும்பாலும் கூட்டமாகவும், சதையைக் கரைக்கும் என்சைம்களைக் கக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். வேகம் ஒன்றும் பெரிதில்லை. பல செல்கள் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர்கூடப் போகாது. போனாலும் நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டரைத் தொடாது. ஆனால் கழுத்து வரை ஊர வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்து நிணநீர்க் குழாயைப் பிடித்துவிட்டால் போதும். வயலில் இருந்து வாய்க்காலுக்கு வந்தாயிற்று. மிச்சப் பயணம் தண்ணீரோடு. அந்தக் குழாய் போய்ச் சேரும் முடிச்சுதான் கழுத்து நெறி.

உங்கள் கையிலுள்ள பயாப்சி (வெட்டி எடுத்த சதையின் டெஸ்ட்) ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். புண் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சில சமயம் அதிலேயே போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பிந்தைய ரிப்போர்ட்டில் வரும். 5 மி.மீ., 10 மி.மீ. என்று எல்லை வைத்துத்தான் நாக்குப் புற்றின் கட்டத்தையே பிரிக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் புண்ணைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவு நல்ல சதையையும் சேர்த்து வெட்டுவது, கழுத்து நெறிகளைக் கொத்தாக எடுப்பது, எல்லாம் இந்த ஊர்தலுக்குப் போடும் வேலிதான். கத்தி இங்கே பரப்புவதற்கு வரவில்லை. சில உறுப்புகளில் ஊசி போன தடத்தில் செல் ஒட்டிக்கொள்வது மிக அரிதாக நடப்பதுண்டு, மறைக்கவில்லை. அதற்காக நாக்குப் புண்ணில் பயாப்சியைத் தள்ளிப்போட முடியாது.

"அந்த ஆக்டினையே நிறுத்தும் மாத்திரை இல்லையா?" என்று ஒரு படித்த பையன் கேட்டான். நிறுத்தினால் இதயமும் நின்றுவிடும், தம்பி. சட்டகத்தின் வேறொரு பாகமான நுண்குழாய்களைத் தாக்கும் மருந்துகள் உண்டு. பாக்லிடாக்சல் அப்படிப்பட்டது, நரம்புக்கும் அதே குழாய்கள் வேண்டும் என்பதால்தான் அதைப் போட்டவர்களுக்குக் கால் மரத்துப்போகிறது. இன்னொன்று, வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின். உடனே இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்! அது ரத்தப் புற்று போன்றவற்றுக்கு, அளந்து ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து; கஷாயமாகக் குடித்தால் விஷம்.

அம்மா இன்றிலிருந்து புகையிலையை நிறுத்தட்டும். தையல் ஆறுவதற்கே அது தடை. பணம்தான் தயக்கம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு கார்டோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரியுங்கள். ஆபரேஷன் பற்றிப் பேசப் போகும்போது சித்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட் வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா, எத்தனை நெறியில் இருந்தது? கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டுமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில் இருக்கும்.