மிஸ்டர் அதர் எப்போது வருவார்?

கேள்வி: திருப்பூரில் சின்னதாகப் பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். லண்டன் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்‌ஷன் அட்டவணையில், இரண்டாவது பரிசோதகர் பெயர் 'ஏ. என். அதர்' என்றிருந்தது. 'டியர் மிஸ்டர் அதர்' என்று மெயில் போட்டேன், பதில் இல்லை. அவருடைய ஹோட்டல், கார் செலவுக்கு என்று ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒருவர் இல்லை.

ஏ, என், அதர் மூன்றையும் நிறுத்தாமல் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'அனதர்' என்று வரும், அதாவது 'இன்னொருவர்'. யார் என்று இன்னும் முடிவாகவில்லை, இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் கிரிக்கெட் அணிப் பட்டியலில் பத்துப் பேர் தேறி, பதினோராவது ஆள் கிடைக்காவிட்டால் இந்தப் பெயரைத்தான் எழுதி வைப்பார்கள். நாம் 'இன்னார்' என்கிறோமே, அதற்கு இனிஷியல் போட்ட மாதிரி.

மெயில் போட்டதற்காக வெட்கப்பட வேண்டாம். 12 வருடம் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறார்கள், செய்யுளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஓர் ஆபீஸ் அட்டவணையை எப்படிப் படிப்பது என்று ஒரு பீரியட்கூடக் கிடையாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளோ இன்னும் மோசம். 'டாம், டிக் அண்ட் ஹாரி' என்பதை ஏதோ அலங்காரம்போலச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். அது நம் 'குப்பன், சுப்பன்' தான், இளக்காரம் உண்டு. பையருக்கு எழுதும் மெயிலில் வைத்தால், அவர் ஆட்களைக் கேவலமாகப் பேசியதாக ஆகிவிடும்.

அதே பையரிடமிருந்து 'ஜோ பிளாக்ஸ்' என்ற பெயரும் வரும். மாதிரி படிவங்களில், பெயர் போடும் இடத்தில் பிரிட்டிஷ்காரர்கள் நிரப்பி வைக்கும் சாதாரண ஆள் அவர். மாதிரியை அப்படியே காப்பியடித்து, கையெழுத்துக்குக் கீழே ஜோ பிளாக்ஸை விட்டுவிட்டு அனுப்பிய பேக்கிங் லிஸ்ட்டை நானே பார்த்திருக்கிறேன். அமெரிக்க பையர் என்றால் அந்த இடத்தில் 'ஜான் டோ' இருப்பார். அங்கே அடையாளம் தெரியாத நோயாளிக்கும் பிணத்துக்கும்கூட அதே பெயர்தான், அதனால் விளையாட்டுக்குக்கூட யார் கேட் பாஸிலும் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் தொழிலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'ஜோ பிளாக்ஸ்' என்ற பெயரில் 1980களில் மான்செஸ்டரில் ஒரு ஜீன்ஸ் பிராண்டே தொடங்கினார்கள், நன்றாகவும் ஓடியது. ஆகவே அந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆள் பெயர் கேட்கும் கட்டத்தில் இருந்தால் நிரப்பு பெயர். லேபிள் ஆர்ட்வொர்க்கிலோ பிராண்ட் கட்டத்திலோ இருந்தால், மாதிரிதான் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். பையரிடம் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள், அதுவரை ஒரு லேபிள்கூட அச்சடிக்காதீர்கள். போனில் 'ஓகே' என்றது போதாது.

சரி, உங்கள் ஏஜென்ட். அவருக்கு இந்த இங்கிலீஷ் தெரியாமல் இருக்கும் என்று நான் நம்பவில்லை. நமக்குப் புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை வைக்கும் ஏஜென்டுகளைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன். பரிசோதகரின் செலவு யாருடையது என்பது ஆர்டர் ஒப்பந்தத்தில் இருக்கும், அதை எடுத்துப் படியுங்கள்.

இன்றே பையருக்கு நேரடியாக ஒரு மெயில் போடுங்கள். 'இரண்டாவது பரிசோதகர் யார், எந்தத் தேதியில் வருகிறார், உறுதியானதும் தெரிவிக்கவும்' என்று இரண்டு வரி போதும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவர்கள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். ஏஜென்டிடம், மிஸ்டர் அதர் பெயரில் போட்ட ஹோட்டல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.