ஒரு விசைப்பலகை, பல கணினிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மானிப்பாயில் இருந்து ஒரு மாணவர்: மேசைக்கணினி, மடிக்கணினி இரண்டிலும் விண்டோஸ் 11 உள்ளது. ஒரே விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு இரண்டையும் இயக்க எந்த மென்பொருளை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம், தம்பி. மைக்ரோசொஃப்டின் பவர்டோய்ஸ் தொகுப்பை இரண்டிலும் நிறுவி, அதில் உள்ள மவுஸ் விதவுட் போடர்ஸ் என்ற பகுதியை இயக்குங்கள். 2011 இல் தனி மென்பொருளாக வெளிவந்த இது 2023 முதல் பவர்டோய்ஸுக்குள் இருக்கிறது. நான்கு கணினிகள் வரை இணைக்கும். ஒரு கணினி உருவாக்கித் தரும் பாதுகாப்புச் சாவியையும் அந்தக் கணினியின் பெயரையும் மற்றையதில் தட்டச்சிட்டால் போதும். அந்தச் சாவியைக் கடவுச்சொல்லாகவே கருதுங்கள். படம் பிடித்து வைபர் குழுவில் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டாம். கோப்புகளை இழுத்துப் போடவும் முடியும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கோப்பு, அதுவும் 100 மெகாபைட்டுக்குள்.

கோண்டாவில் வாசகர்: விசைப்பலகை பகிரும் மென்பொருளைத் தேடினால் சினர்ஜி, பாரியர், இன்புட் லீப், டெஸ்க்ஃப்ளோ என்று நான்கு பெயர்கள் கண்ணில் படுகின்றன. நான்கும் வெவ்வேறா?

நான்கும் ஒரே குடும்பம். 2001 இல் தொடங்கிய சினர்ஜிதான் மூலம். அது விலைக்கு விற்கும் பொருளான பின்னர், அதன் திறந்த நிரலில் இருந்து 2018 அளவில் பாரியர் கிளைத்தது. பாரியரைப் பராமரித்தவர்கள் 2021 இல் அதை விட்டு இன்புட் லீப்புக்குப் போனார்கள். சினர்ஜியின் திறந்த மூலத் திட்டம் 2024 இல் டெஸ்க்ஃப்ளோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. புதிதாக நிறுவுபவர்கள் டெஸ்க்ஃப்ளோவை எடுங்கள். பாரியரின் கடைசி வெளியீடு 2021 இன் முடிவில் வந்தது. உங்கள் விசைத் தட்டல்கள் அனைத்தையும் சுமந்து செல்லும் ஒரு மென்பொருளைத் திருத்துவதற்கு ஆள் இல்லாத நிலையில் கணினியில் வைத்திருப்பது பொறுப்பான செயல் அல்ல. இன்னும் பாரியர் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

சுன்னாகத்தில் இருந்து: ஒரு கணினியில் திறந்துள்ள சாளரத்தை அப்படியே இழுத்து மற்றைய கணினியின் திரையில் விட முடியுமா?

முடியாது. இவை பகிர்வது விசைப்பலகை, சுட்டி, பிரதி எடுத்து ஒட்டும் பலகை ஆகியவற்றையே. ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் திரை வேண்டும்.

திருநெல்வேலியில் இருந்து ஓர் ஆசிரியை: என் மக்புக்கையும் பாடசாலைக்கான விண்டோஸ் மடிக்கணினியையும் அப்பிளின் யூனிவேர்சல் கொன்ட்ரோல் வசதியால் இணைக்க முயன்றேன். விண்டோஸ் கணினி தென்படவே இல்லை.

தென்படாது. 2022 மார்ச்சில் வந்த அந்த வசதி அப்பிள் கருவிகளுக்கு இடையில் மட்டுமே இயங்கும், மக் 12.3, ஐபாட் 15.4 ஆகிய பதிப்புகளில் இருந்து, ஒரே அப்பிள் கணக்கோடு, சுமார் பத்து மீற்றர் தூரத்துக்குள். உங்களுக்குத் தேவையானது டெஸ்க்ஃப்ளோ. மக்கில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் சென்று அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் சுட்டி மக்கின் திரைக்குள் போனாலும் அசையாது. பதிப்பை மேம்படுத்திய பின் அந்த அனுமதி பெயரளவில் இருந்தும் பலிக்காமல் போவதுண்டு. பட்டியலில் இருந்து நீக்கி மீண்டும் சேர்த்தால் சரியாகிவிடும். விண்டோஸ் விசைப்பலகையால் மக்கை இயக்கும்போது பிரதி எடுக்கும் விசைச் சேர்க்கை கை மாறிப் போவது பலரையும் தொந்தரவு செய்யும். சேர்வரில், அதாவது விசைப்பலகையும் சுட்டியும் பூட்டிய கணினியில், மக்கின் திரைக்குரிய அமைப்பைத் திறந்து கொன்ட்ரோல் விசையையும் சூப்பர் (விண்டோஸ் குறியுள்ள) விசையையும் இடம் மாற்றிவிட்டால் பழகிய விரல்களுக்கு வேலை எளிதாகும்.

சாவகச்சேரியில் இருந்து: நீங்கள் சொன்ன மென்பொருளைப் போட்டேன், வேலை செய்யவில்லை. அவசரம், உடனே பதில் தரவும்.

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, இரண்டு கணினிகளிலும் எந்த இயங்குதளம், கம்பியா வைஃபையா, திரையில் என்ன செய்தி காட்டியது என்ற ஐந்தையும் எழுதாமல் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் எவராலும் உதவ முடியாது. வைத்தியரிடம் போய் ‘வருத்தம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பதில்லை. விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.

நெல்லியடியில் தட்டச்சு, வடிவமைப்பு நிலையம் நடத்துபவர்: இரண்டு கணினிகளை டெஸ்க்ஃப்ளோவால் இணைத்துள்ளேன். ஆங்கிலம் ஒழுங்காக வருகிறது. இரண்டாவது கணினியில் தமிழ் தட்டினால் எதுவும் வருவதில்லை, அல்லது தொடர்பில்லாத குறிகள் வருகின்றன. இந்த மென்பொருள் தமிழுக்கு ஒத்துவராதா?

ஒத்துவரும். இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகப் பலர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் பதிலைத் தேடிப் பார்க்காமல் தமிழிலேதான் குறை என்று முடிவு கட்டி, இரண்டாவது கணினியில் ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதிச் சமாளிக்கிறார்கள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சினர்ஜி குடும்ப மென்பொருள், நீங்கள் அழுத்திய விசை பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து இயங்குவதில்லை. சேர்வரில் அப்போது இயங்கும் விசைப்பலகை அமைப்பின்படி அந்த விசை எந்த எழுத்தோ, அந்த எழுத்தையே அனுப்புகிறது. கிளையன்ட், அதாவது அந்த விசைப்பலகையால் இயக்கப்படும் மற்றைய கணினி, அந்த எழுத்தைத் தன் அமைப்பில் தேடி, அதைத் தரக்கூடிய விசையை அழுத்தியதுபோல் செய்கிறது. சேர்வரில் தமிழ் அமைப்பை இயக்கிவிட்டு, ஆங்கில அமைப்பு மட்டுமே உள்ள கிளையன்டுக்குப் போய்த் தட்டினால், ‘ழ’ தரும் விசை எது என்று அந்தக் கணினி தேடும், கிடைக்காது, விட்டுவிடும். இரண்டு பக்கத்திலும் தமிழ் அமைப்பு இயங்கினாலோ எழுத்து இரண்டு தடவை மாற்றப்பட்டுக் குழம்பக்கூடும்.

ஆகவே வழி இதுதான்: சேர்வரை ஆங்கில அமைப்பில் வைத்திருங்கள். ரெங்கநாதனோ தமிழ்99ஓ அஞ்சலோ, எந்தத் தமிழ் விசை அமைப்பைப் பயன்படுத்துகிறீர்களோ அதை எந்தக் கணினியில் எழுதப் போகிறீர்களோ அந்தக் கணினியில் நிறுவி, அங்கேயே இயக்குங்கள். சேர்வரில் இருந்து வருவது வெறும் ஆங்கில எழுத்து. அதைத் தமிழாக்குவது கிளையன்டின் வேலை. சேர்வரின் மொழியைக் கிளையன்டும் பின்பற்றும் தெரிவு உங்கள் பதிப்பில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். மொழி மாற்றும் விசைச் சேர்க்கை இரண்டு கணினிகளிலும் வேறுவேறாக இருப்பதும் நல்லது. ஒன்றாக இருந்தால் கிளையன்டில் மாற்ற நினைத்து சேர்வரில் மாற்றிவிடுவீர்கள். நான் ஒரு மலருக்கு மெய்ப்புப் பார்த்தபோது இந்தத் தவறால் ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

பாமினி எழுத்துருவில் இதே சிக்கல் தோன்றாததால், ‘பாமினியில் வருகிறது, யுனிகோட்டில் வரவில்லை, அப்படியானால் யுனிகோட்தான் பழுது’ என்று சிலர் வாதிடுகிறார்கள். பாமினியில் ஜே, கே, பி, ஓ ஆகிய விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் வரிசையாக அழுத்தினால் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். ஆனால் கோப்பில் பதிவது அந்த ஆங்கில எழுத்துகளே, தமிழ் உருவம் எழுத்துருவின் முகமூடி மட்டுமே. ஆங்கிலம் ஆங்கிலமாகவே போய்ச் சேர்வதால் அது தடங்கலின்றி இயங்குகிறது. அதற்காகப் பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. பாமினியின் விசை வரிசையை ஒத்த ரெங்கநாதன் அமைப்பை இலங்கைத் தரமாகவே 2008 இல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் விரல்கள் பழகிய அமைப்பிலேயே யுனிகோட்டில் எழுதலாம். இனிமேல் எழுதுபவர்கள் ‘தமிழ் வரவில்லை’ என்று நிறுத்தாமல், எந்த அமைப்பு, அதை எந்தக் கணினியில் இயக்கியிருக்கிறீர்கள் என்ற இரண்டையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.

கோப்பாயில் இருந்து: காலையில் நன்றாக இயங்கியது. மின்சாரம் போய் வந்த பின் கிளையன்ட் இணையவே இல்லை. யூடியூப்பில் சொன்னபடி தீச்சுவரை (ஃபயர்வோல்) அணைத்தும் பார்த்தேன்.

முதலில் தீச்சுவரை மீண்டும் இயக்குங்கள். அதை முழுமையாக அணைக்கச் சொல்லும் எவருடைய பேச்சையும் கேட்க வேண்டாம். டெஸ்க்ஃப்ளோவுக்குத் தேவையானது 24800 என்ற ஒரே ஒரு துறை (போர்ட்). அந்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

உங்கள் சிக்கல் ஐபி முகவரியில், அதாவது வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணில், இருக்கிறது. மின்சாரம் போனதும் றவுட்டரும் அணைந்து, திரும்பி எழும்போது கணினிகளுக்கு முகவரிகளைப் புதிதாக வழங்கக்கூடும். நேற்று சேர்வரின் முகவரி 5 இல் முடிந்தது, இன்று 8 இல் முடிகிறது. கிளையன்டோ இன்னும் 5ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. 2022 இல் ஒரே நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தில் எனக்கு இதே கேள்விதான் ஓயாமல் வந்தது. றவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேர்வருக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிடுங்கள். வலையமைப்பைப் புதியதென்று கருதி விண்டோஸ் அதைப் ‘பொது’ வகையில் சேர்த்துவிட்டதா என்றும் பாருங்கள். வீட்டு வலையமைப்பு ‘தனி’ வகையில் இருக்க வேண்டும். றவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பருத்தித்துறையில் இருந்து: உபுண்டு மடிக்கணினியில் சுட்டி திரையின் ஓரத்தில் நின்றுவிடுகிறது, அடுத்த கணினிக்குத் தாண்டவில்லை.

வேலாண்ட் என்ற புதிய திரை முறையே காரணம். ஒரு மென்பொருள் மற்றவற்றின் விசைத் தட்டல்களைப் படிப்பதை அது பாதுகாப்புக்காகத் தடுக்கிறது. உபுண்டு 24.04 என்றால், உள்நுழையும் திரையில் பற்சக்கரக் குறியை அழுத்தி எக்ஸ்ஓர்க் என்ற பழைய திரை முறையின் அமர்வைத் தெரிவு செய்யுங்கள். க்னோம் 46, கேடியீ பிளாஸ்மா 6.1 ஆகிய மேசைத்தளச் சூழல்களில் இருந்து டெஸ்க்ஃப்ளோ வேலாண்டிலும் இயங்கும், அனுமதி கேட்கும்போது கொடுக்க வேண்டும். ஆனால் பிரதி எடுத்து ஒட்டுவது அங்கே சரிவர நடக்காமல் போகலாம்.

வேலணையில் இருந்து: விளையாடும்போது சுட்டி அடுத்த திரைக்கு ஓடிவிடுகிறது.

சேர்வரில் ஸ்க்ரோல் லொக் விசையை அழுத்துங்கள், சுட்டி அதே திரையில் பூட்டப்படும். அந்த விசை இல்லாத பலகை என்றால் சேர்வரின் அமைப்பில் வேறு விசையை ஒதுக்கலாம்.

கொக்குவிலில் இருந்து: இரண்டாவது கணினியில் விண்டோஸை மீள நிறுவும்போதும் இதே விசைப்பலகையைப் பயன்படுத்தலாமா?

முடியாது. இயங்குதளம் எழுந்து மென்பொருள் ஓடத் தொடங்கிய பின்னரே இது இயங்கும். பயோஸ் திரையில் இதற்கு இடமில்லை. சாதாரண யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றை எப்போதும் கையருகில் வைத்திருங்கள்.

யாழ்ப்பாண நகரில் பகிர்வு அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர்: இருபது பேர் பயன்படுத்தும் வைஃபையில் இதை இயக்கலாமா? சில வேளைகளில் சுட்டி திக்கித் திக்கி நகர்கிறது.

நீங்கள் தட்டும் வங்கிக் கடவுச்சொல்லும் அதே வழியாகத்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். டெஸ்க்ஃப்ளோவில் டிஎல்எஸ் மறையாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். முதல் தடவை இணையும்போது காட்டப்படும் ‘கைரேகை’ எனப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியை இரண்டு திரைகளிலும் ஒப்பிட்ட பின்னரே ‘ஆம்’ என்று அழுத்துங்கள். பலர் வாசிக்காமலே அழுத்துகிறார்கள்.

இதைவிட நல்ல வழி, இரண்டு கணினிகளையும் ஒரு சாதாரண லான் கம்பியால் நேரடியாக இணைப்பது. ஒன்றுக்கு 192.168.50.1, மற்றையதற்கு 192.168.50.2 என்று முகவரி கொடுத்து, உபவலை மறைப்பாக (சப்நெட் மாஸ்க்) 255.255.255.0 என்று இடுங்கள். நுழைவாயில் (கேட்வே) கட்டத்தை வெறுமையாக விட்டால் இணையம் வழமைபோல வைஃபையிலேயே வரும். நுழைவாயில் இல்லாத இணைப்பை விண்டோஸ் ‘பொது’ என்றே கொள்ளும். அதற்காகத் தீச்சுவரை அணைக்க வேண்டாம். அந்த மென்பொருளுக்கான விதியில், எதிர்க் கணினியின் முகவரியில் இருந்து மட்டும் அனுமதி என்று குறிப்பிடுங்கள். சுட்டி திக்குவதும் நின்றுவிடும், ஏனெனில் அதற்குக் காரணம் வைஃபை நெரிசலே.